ஆங்கிலம் கற்போருக்கு அமெரிக்கப் பணமும் பண்பாடும் வரலாறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் பொது நூலகங்களிலும் சமுதாயக் கல்லூரிகளிலும் தேவாலயக் கூடங்களிலும் மாலை வேளைகளில் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்புகள் நடக்கின்றன. கற்க வருபவர்கள் பல நாட்டவர். கற்பிப்பவர்களில் பலர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். நம்மவர்கள் சிலரும் இந்தப் பணிக்கு முன்வருகிறார்கள். ஒரு நூலக வகுப்பில் சில ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன் என்ற முறையில், அப்படி வந்தவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இலக்கணத்தையும் பாட நூல்களையும் பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டு, பணம், பண்பாடு, வரலாறு ஆகிய மூன்றையும் ஒட்டியவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

ஆங்கிலம் கற்க வருபவர்களுக்குப் பண்பாடும் வரலாறும் எதற்கு? மொழியைச் சொல்லிக் கொடுத்தால் போதாதா?

மளிகைக் கடையில் பணம் கட்டும் இடத்தில் நிற்பவரிடம் ஊழியர் ‘பேப்பர் ஆர் பிளாஸ்டிக்?’ என்று கேட்கிறார். மூன்று சொற்களும் அவருக்குத் தெரியும், கேள்விதான் தெரியாது. வாங்கிய பொருள்களைக் காகிதப் பையில் போடவா, பிளாஸ்டிக் பையில் போடவா என்பதே கேள்வி. எங்கள் வகுப்புக்கு வந்த ஒருவர், நோட்டாகத் தருகிறீர்களா, அட்டையாகத் தருகிறீர்களா என்று கேட்பதாக எண்ணி வங்கி அட்டையை நீட்டியிருக்கிறார். அவருடைய ஊகத்தையும் குறை சொல்ல முடியாது, ஏனெனில் பேச்சு வழக்கில் வங்கி அட்டைக்கும் ‘பிளாஸ்டிக்’ என்ற பெயர் உண்டு. கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்கள் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை கொண்டுவந்த பிறகு அந்தக் கேள்வியும் மாறி, ‘டூ யூ நீட் எ பேக்?’ என்றாகிவிட்டது, பைக்குத் தனியாகக் காசு வாங்குவார்கள் என்பதையும் இப்போது சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் மொழி எங்கே முடிகிறது, பண்பாடு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க எனக்குத் தெரியவில்லை.

மூன்றில் எதை முதலில் எடுத்துக்கொள்வது?

காசை. இதில் எனக்கு ஐயமே இல்லை. வகுப்புக்கு வந்த முதல் நாளிலிருந்தே ஒவ்வொருவருக்கும் தேவைப்படுவது அது. எண்களைப் பழக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்களும் கட்டடங்களும் ஆண்டுகளும் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருப்பதால், வரலாற்றுப் பாடத்துக்குத் தனியாகப் படம் தேட வேண்டியதில்லை. ஒரு சென்ட் பென்னி, ஐந்து சென்ட் நிக்கல், பத்து சென்ட் டைம், இருபத்தைந்து சென்ட் குவார்ட்டர் என்று ஒவ்வொன்றிலும் ஒரு காசை ஒருவர் கையில் கொடுத்தால் மொத்தம் 41 சென்ட் ஆகிறது. பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புக்கு 4 டாலர் 92 சென்ட் போதும். வகுப்பு முடிந்ததும் அதைத் திரும்ப எண்ணி வாங்குவதே ஒரு பயிற்சி. ஒரு நாள் 4 டாலர் 82 சென்ட்தான் திரும்பி வந்தது. எந்தக் காசு குறைகிறது என்பதை ஆங்கிலத்திலேயே பேசிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொன்னேன். அன்றைக்கு நான் தயாரித்துக் கொண்டுபோன பாடத்தைவிட அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் அதிகம் பேசினார்கள்.

ஓர் எச்சரிக்கை. எல்லோருக்கும் டாலர் புதிது என்று எண்ணிவிடக் கூடாது. எக்வடோர் 2000 முதலும், எல் சால்வடோர் 2001 முதலும் அமெரிக்க டாலரையே தங்கள் பணமாக வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் கண்ணில் படாத ஒரு டாலர் நாணயம் எக்வடோரில் சாதாரணமாகப் புழங்குகிறது. அந்த நாட்டவர் வகுப்பில் இருந்தால், அன்றைய பாடத்தில் பாதியை அவரிடமே விட்டுவிடலாம்.

நான்கு காசுகளை அடையாளம் காண்பதில் அப்படி என்ன சிரமம் இருக்கிறது?

நாம் பழகிவிட்டதால் அது நமக்குத் தெரிவதில்லை. ஓர் அமெரிக்கக் காசை எடுத்து, அதன் மதிப்பைக் காட்டும் எண்ணைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. பென்னியில் ‘ஒன் சென்ட்’ என்றும், நிக்கலில் ‘ஃபைவ் சென்ட்ஸ்’ என்றும், டைமில் ‘ஒன் டைம்’ என்றும், குவார்ட்டரில் ‘குவார்ட்டர் டாலர்’ என்றும் எழுத்தால் மட்டுமே இருக்கும். ஆங்கில எழுத்தே தெரியாமல் வருபவருக்கு இந்தக் காசுகள் வாய் திறப்பதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவருக்கும் டைமில் உதவி இல்லை, ஏனென்றால் டைம் என்பது எத்தனை சென்ட் என்று அந்தக் காசு சொல்வதே இல்லை.

அடுத்த குழப்பம் அளவு. பத்து சென்ட் மதிப்புள்ள டைம், ஐந்து சென்ட் நிக்கலைவிடச் சிறியது. ஒரு சென்ட் பென்னியைவிடவும் சிறியது. ஏன் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். பதிலைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டைமும் குவார்ட்டரும் வெள்ளிக் காசுகளாகப் பிறந்தவை. அவற்றில் இருந்த வெள்ளியின் எடையே மதிப்பைத் தீர்மானித்ததால், டாலரில் பத்தில் ஒரு பங்கு வெள்ளி கொண்ட டைம் சிறியதாக இருந்தது. ஐந்து சென்ட்டுக்கும் ஒரு காலத்தில் அதனினும் சிறிய வெள்ளிக் காசு இருந்தது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் மக்கள் வெள்ளியைப் பதுக்கிவிட, 1866இல் செம்பு முக்கால் பங்கும் நிக்கல் கால் பங்கும் கலந்த ஐந்து சென்ட் காசு வந்தது. அதில் வெள்ளி இல்லாததால் அளவுக்குக் கட்டுப்பாடும் இல்லை, பெரிதாகவே அடித்தார்கள். பின்னர் 1965ஆம் ஆண்டின் சட்டம் டைமிலிருந்தும் குவார்ட்டரிலிருந்தும் வெள்ளியை எடுத்துவிட்டது. வெள்ளி போன பின்பும் பழைய அளவு மட்டும் நின்றுவிட்டது.

வகுப்பில் தமிழ்ப் பெரியவர்கள் இருந்தால் குவார்ட்டர் அவர்களுக்கு ஒரு நொடியில் விளங்கும். பிள்ளைகளோடு தங்க வந்திருந்த ஓர் அம்மாள் அதைக் கையில் வாங்கியதுமே ‘நாலணா’ என்றார். ரூபாயில் கால் நாலணா, டாலரில் கால் குவார்ட்டர். அரை டாலர் எட்டணா. சொல்லப்போனால் அமெரிக்கர்களிடமும் இந்த அணாக் கணக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1857 வரை இங்கே செல்லுபடியான ஸ்பானிய வெள்ளி டாலரை எட்டுப் பங்காகப் பிரித்து, ஒரு பங்கை ‘பிட்’ என்றார்கள். அதனால்தான் குவார்ட்டருக்கு ‘டூ பிட்ஸ்’ என்ற பழைய பெயர் இன்னும் அங்கங்கே காதில் விழுகிறது.

நம்மவருக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. பத்து சென்ட் காசையும் நேரத்தைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘டைம்’தான். சொல்லின் முதலில் வரும் டகரத்தை வல்லோசையாகவும் மெல்லிய ஓசையாகவும் பிரித்துச் சொல்ல நம் எழுத்து நமக்குக் கற்றுத் தரவில்லை. ‘டூ யூ ஹேவ் எ டைம்?’ என்று காசைக் கேட்டவருக்கு மணி சொல்லப்பட்ட கதையை வகுப்பில் கேட்டிருக்கிறேன். தொண்டையில் விரலை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காசுக்கு, சொல் தொடங்கும்போதே விரல் அதிர்வை உணரும். நேரத்துக்கு அந்த அதிர்வு சற்றுத் தாமதமாக வரும்.

விளையாட்டுக் காசும் படமும் போதாதா?

போதாது. ஞெகிழிக் காசில் எடை இல்லை, விளிம்பில் வரி இல்லை. டைமையும் பென்னியையும் பைக்குள்ளேயே விரலால் பிரித்தறிய உதவுவது டைமின் விளிம்பில் உள்ள வரிகள்தான். பென்னியின் விளிம்பு வழவழப்பாக இருக்கும்.

பென்னி அடிப்பதை நிறுத்திவிட்டார்களே, இனியும் கற்பிக்க வேண்டுமா?

வேண்டும். 2025 நவம்பர் 12 அன்று பிலடெல்பியா நாணயச் சாலையில் புழக்கத்துக்கான கடைசிப் பென்னி அடிக்கப்பட்டது. ஒரு பென்னியை உருவாக்க 2024 நிதியாண்டில் 3.69 சென்ட் செலவானது என்பதே காரணம். ஆனால் அது செல்லாக்காசு ஆகிவிடவில்லை. வீடுகளின் ஜாடிகளிலும் கடைப் பெட்டிகளிலும் கிடக்கும் கோடிக்கணக்கான பென்னிகள் இன்னும் செல்லும். சில்லறை இல்லாத கடைகள் ரொக்கத்துக்கு மட்டும் தொகையை ஐந்து சென்ட்டுக்கு முழுமையாக்குவதால், மிச்சம் குறைந்து வந்ததைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக எண்ணாதபடி கற்பவர்களுக்கு அதையும் சொல்லி வைக்க வேண்டும்.

மொழிக்குள் போன பென்னியை எந்த நாணயச் சாலையும் நிறுத்த முடியாது. யோசனையில் ஆழ்ந்திருப்பவரிடம் ‘எ பென்னி ஃபார் யுவர் தாட்ஸ்’ என்பார்கள். தம் கருத்தைச் சொல்ல வருபவர் ‘மை டூ சென்ட்ஸ்’ என்று தொடங்குவார். 1959 முதல் 2008 வரையிலான பென்னி ஒன்றையும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றையும் மேசையில் வையுங்கள். முன்பக்கம் லிங்கனின் முகம். பின்பக்கம் வாஷிங்டனில் உள்ள லிங்கன் நினைவகம். அதன் நடுத் தூண்களுக்கிடையே உற்றுப் பார்த்தால், உள்ளே அமர்ந்திருக்கும் லிங்கன் கடுகளவில் தெரிவார். ஒரே காசின் இரண்டு பக்கமும் ஒரே மனிதர் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். ‘இன்சைட்’, ‘பிட்வீன்’, ‘பிஹைண்ட்’ ஆகிய இடச் சொற்களுக்கு அதைவிட நல்ல பாடம் எனக்கு வாய்த்ததில்லை.

காசில் இருக்கும் முகங்களைப் பற்றி எவ்வளவு சொல்ல வேண்டும்?

பெயரையும் பதவியையும் மட்டும் ஒப்பிக்க வைப்பதில் பயனில்லை. ஒரு முகத்துக்கு ஒரு கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் விரும்பிச் சொல்வது டைமில் இருக்கும் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் கதை. 1921இல் நோயுற்றுக் கால்களின் இயக்கத்தை இழந்தவர். அது போலியோ என்று மருத்துவர்கள் முடிவு செய்தனர். குடியரசுத் தலைவராக இருந்தபோது 1938இல் போலியோவுக்கு எதிரான நிதியமைப்பு ஒன்றை உருவாக்கினார். ஆளுக்கு ஒரு டைம் அனுப்புங்கள் என்று வானொலியில் வேண்டுகோள் விடுக்கப்பட, வெள்ளை மாளிகைக்குக் கடிதங்களில் காசுகள் குவிந்தன. ‘மார்ச் ஆஃப் டைம்ஸ்’ என்று பெயர் பெற்ற அந்த இயக்கத்தின் பணம்தான் ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி ஆராய்ச்சிக்கு உதவியது. 1955இல் தடுப்பூசி பாதுகாப்பானது, பயனுள்ளது என்று அறிவிக்கப்பட்டது. ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரலில் இறந்தார். 1946இல் அவர் முகம் டைமில் வந்தது. குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுக்க வரிசையில் நின்ற நினைவு இல்லாதவர் எங்கள் வகுப்பில் அநேகமாக யாரும் இல்லை. கதை முடிந்ததும் அவர்கள் தங்கள் ஊர்க் கதையைத் தொடங்குவார்கள். நீங்கள் இறந்தகால வினைகளைத் திருத்திக்கொண்டிருந்தால் போதும்.

நோட்டுகளில் எதைக் கவனிக்கச் சொல்வது?

எல்லா நோட்டும் ஒரே அளவு என்பதை. ரூபாயிலும் யூரோவிலும் மதிப்புக்கு ஏற்ப அளவும் நிறமும் மாறுவதைக் கண்டு பழகியவர்கள், அவசரத்தில் ஒரு டாலருக்குப் பதில் பத்து டாலரை நீட்டிவிடுவது உண்டு. புதிய நோட்டுகளில் மெல்லிய நிறங்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்றாலும், மூலையில் உள்ள எண்ணைப் பார்த்துவிட்டுக் கொடுக்கும் பழக்கமே காப்பாற்றும். சிறு கடைகள் இருபது டாலருக்கு மேற்பட்ட நோட்டை வாங்க மறுக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

பத்து டாலரில் இருக்கும் அலெக்சாண்டர் ஹாமில்டனும் நூறு டாலரில் இருக்கும் பெஞ்சமின் பிராங்க்ளினும் குடியரசுத் தலைவர்களாக இருந்தவர்கள் அல்லர். கருவூலத்தின் முதல் செயலரான ஹாமில்டன் கரீபியத் தீவொன்றில் பிறந்து இங்கே குடியேறியவர் என்று சொன்னால் வகுப்பில் பல முகங்கள் நிமிரும். பிராங்க்ளின் அச்சகக்காரர், விடுதலைக்கு முந்தைய பிரிட்டிஷ் குடியேற்றங்களுக்குக் காகிதப் பணமும் அச்சிட்டவர்.

விலைச்சீட்டில் ஒன்று, கேட்கும் தொகை வேறு. இதை எப்படி விளக்குவது?

விற்பனை வரி விலைச்சீட்டில் சேர்ந்திருக்காது. 9 டாலர் 99 சென்ட் என்று ஒட்டியிருக்கும் பொருளுக்கு, எட்டு விழுக்காடு வரி உள்ள ஊரில் 10 டாலர் 79 சென்ட் கேட்பார்கள். விகிதம் மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் மாறும். அலாஸ்கா, டெலவேர், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், ஓரிகன் ஆகிய ஐந்துக்கும் மாநில விற்பனை வரி கிடையாது. பழைய ரசீதுகளைச் சேர்த்து வைத்திருந்து வகுப்பில் பிரித்துக் கொடுங்கள். ‘சப்டோட்டல்’, ‘டாக்ஸ்’, ‘டோட்டல்’, ‘சேஞ்ச்’ ஆகிய நான்கு சொற்களும் வரிசையாக அங்கேயே இருக்கும்.

உணவகத்தில் பரிமாறுபவருக்குத் தரும் டிப்ஸ் இதைவிடத் தொல்லை. விருப்பப்பட்டுக் கொடுப்பது என்று அகராதி சொல்லும். கொடுக்காமல் எழுந்தால் கண்கள் வேறு சொல்லும். டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து தர வேண்டிய குறைந்தபட்சக் கூலியை ஒன்றிய அரசின் சட்டம் மணிக்கு 2 டாலர் 13 சென்ட்டாக 1991 முதல் மாற்றாமல் வைத்திருக்கிறது. டிப்ஸும் சேர்ந்து, மற்ற ஊழியர்களுக்கான குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7 டாலர் 25 சென்ட் வராவிட்டால் மீதியை முதலாளி தர வேண்டும். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் முழுக் கூலியும் உண்டு. இதைத் தெரிந்துகொண்டால், வாடிக்கையாளரின் தட்டில் ஏன் ஊழியரின் சம்பளமும் வைக்கப்படுகிறது என்பது விளங்கும். ஒப்புக்கொள்வதா என்பது அவரவர் விருப்பம். நான் இன்னும் முழுமனதாக ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் கொடுத்துவிடுகிறேன். கணக்குக்கு எளிய வழி: 34 டாலர் பில்லில் பத்தில் ஒன்று 3 டாலர் 40, அதை இரட்டித்தால் 6 டாலர் 80, அதுவே இருபது விழுக்காடு.

எண்களைச் சொல்வதிலும் எழுதுவதிலும் எங்கே தடுக்குகிறது?

‘ஃபிஃப்டீன்’ என்பதும் ‘ஃபிஃப்டி’ என்பதும் எல்லா நாட்டவருக்கும் பொதுவான கண்ணி. முதலாவதில் அழுத்தம் பின்னால், இரண்டாவதில் முன்னால் என்று காட்டிப் பழக்குங்கள். இலட்சக் கணக்கில் பழகிய நம்மவர் 1,00,000 என்று காற்புள்ளியிடுவதை இங்கே 100,000 என்று இட்டு, நூறாயிரம் என்றே சொல்ல வேண்டும். தென் அமெரிக்காவின் பல நாடுகளில் ஆயிரத்துக்குப் புள்ளியும் தசமத்துக்குக் காற்புள்ளியும் இடுவார்கள். அவர்களுக்கு அது முற்றிலும் தலைகீழ். தேதியில் மாதம் முதலில் வரும் என்பதால் 7/4 என்பது ஜூலை நான்கு. மருத்துவரிடம் குறித்த நாள் தவறிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். வாடகைக்குக் காசோலை கேட்கும் வீட்டுக்காரர்கள் இன்னும் இருப்பதால், தொகையை எழுத்தால் எழுதிச் சென்ட்டை நூறில் இத்தனை என்று பின்னமாகக் குறிக்கும் முறையையும் ஒரு வகுப்பில் எழுத வையுங்கள்.

குடியுரிமைத் தேர்வுக்காக வருபவர்களுக்கு வரலாற்றை எப்படிக் கற்பிப்பது?

முதலில் அவர் எந்தத் தேர்வை எழுதப் போகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2025 அக்டோபர் 20 அன்றோ அதற்குப் பிறகோ விண்ணப்பித்தவர்களுக்கு 128 கேள்விகள் கொண்ட புதிய பட்டியல். அதிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12க்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய 100 கேள்விகள். பத்தில் ஆறு போதும். அறுபத்தைந்து வயதைக் கடந்து இருபது ஆண்டு நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர்கள் இருபது கேள்விகளை மட்டும் படித்தால் போதும். ஐம்பது வயதும் இருபது ஆண்டுக் குடியிருப்பும், அல்லது ஐம்பத்தைந்து வயதும் பதினைந்து ஆண்டுக் குடியிருப்பும் உள்ளவர்களுக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. அவர்கள் மொழிபெயர்ப்பாளர் துணையோடு தம் தாய்மொழியிலேயே பதில் சொல்லலாம். இந்த விலக்குத் தெரியாமல் தமிழ்ப் பெரியவர்கள் சிலர் பயந்துபோய் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள்.

மனப்பாடத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். தேர்வுக்கு அது வேண்டும். ஆனால் அதிகாரி கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டாலே மனப்பாடம் உடைந்துவிடும். நாட்டின் உச்சச் சட்டம் எது என்ற கேள்வியின் ஆங்கில வடிவத்தில் நாடு என்பதற்கு ‘லேண்ட்’ என்ற சொல் வருகிறது. விவசாயியாக இருந்த ஒருவர் அதை நிலம் என்றே எடுத்துக்கொண்டு, நிலச் சட்டத்தைப் பற்றி ஏன் கேட்கிறார்கள் என்று பல வாரம் குழம்பியிருந்தார். ஆகவே கேள்வியிலுள்ள சொற்களையே முதலில் பாடமாக வையுங்கள். பதில்கள் பிறகு தாமாக அமரும். 1776இல் விடுதலைப் பிரகடனம், 1787இல் அரசமைப்பு, 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர், 1920இல் பெண்களின் வாக்குரிமை, 1964இல் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைகள் (சிவில் ரைட்ஸ்) சட்டம் என ஐந்தாறு முளைகளை அடித்துவிட்டால் மற்றவற்றை அவற்றில் கட்டிக்கொள்ளலாம்.

அடிமைமுறை, பழங்குடியினர் துரத்தப்பட்டது போன்ற கசப்பான பகுதிகளைச் சொல்லலாமா?

சொல்லாமல் எப்படி இருப்பது? நிக்கலைத் திருப்பினாலே வந்துவிடுகிறது. முன்பக்கம் தாமஸ் ஜெபர்சன். பின்பக்கம் மான்டிசெல்லோ என்ற அவருடைய மாளிகை. மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று எழுதியவர், தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். அந்த மாளிகையும் அவர்கள் உழைப்பால்தான் நின்றது. நான் பலகையில் இரண்டே வாக்கியங்கள் எழுதுவேன். அவர் என்ன எழுதினார் என்பது ஒன்று. அவர் யாரை உடைமையாக வைத்திருந்தார் என்பது இன்னொன்று. இரண்டும் எளிய இறந்தகாலம். நடுவில் ‘பட்’ போடுவதா ‘அண்ட்’ போடுவதா என்று கேட்பேன். இணைப்புச் சொல்லுக்காக அவ்வளவு சூடாக வாதிடும் வகுப்பை இலக்கணப் பயிற்சி நூல் ஏதும் எனக்குத் தந்ததில்லை.

இருபது டாலர் நோட்டும் அப்படித்தான். அதில் இருக்கும் ஆண்ட்ரூ ஜாக்சன் 1830இல் கையெழுத்திட்ட சட்டத்தின் தொடர்ச்சியாக, செரோக்கி மக்கள் 1838இல் தென்கிழக்கிலிருந்து இன்றைய ஓக்லஹோமாவை நோக்கித் துரத்தப்பட்டனர். வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ‘கண்ணீரின் பாதை’ என்று அதற்குப் பெயர். போரால் ஊரைவிட்டு ஓடி வந்தவர்கள் வகுப்பில் இருப்பார்கள்; இந்தக் கதை அவர்களுக்கு வெறும் பாடமாக இருக்காது. ஆகையால் யாரையும் கட்டாயப்படுத்திப் பேச வைக்காதீர்கள், கதவருகே இருக்கை கேட்பவருக்குக் காரணம் கேட்காமல் கொடுங்கள்.

நம்மவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வழக்கும் உண்டு. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த், வெள்ளையர் என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்பதால் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று 1923இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியர்களுக்கு அந்தக் கதவு சட்டத்தால் திறந்தது 1946இல்தான். சீனர்களைத் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டம் 1943 வரை நீடித்தது. நாடுவாரியான பழைய ஒதுக்கீட்டு முறையை 1965ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்திராவிட்டால் எங்கள் வகுப்பறையில் பாதி நாற்காலிகள் காலியாக இருந்திருக்கும். கற்பிப்பவனின் நாற்காலியும் சேர்த்து.

பண்டிகைகளை எப்படி எடுத்துக்கொள்வது?

நாள்காட்டி ஓடும் வழியே போனால் போதும், எல்லாவற்றையும் அடைக்க வேண்டாம். ஹாலோவீனை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அக்டோபர் 31 இரவு முகமூடி அணிந்த பிள்ளைகள் கதவைத் தட்டும்போது அஞ்சிப்போன குடும்பங்களை நான் அறிவேன். நவம்பர் நான்காம் வியாழன் வரும் நன்றி நவிலல் நாளுக்குச் சற்று நேரம் கொடுங்கள். 1621இல் இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளிமத்தில் குடியேறிய ஆங்கிலேயர்களும் வாம்பனோவாக் என்ற பழங்குடி மக்களும் சேர்ந்து உண்ட அறுவடை விருந்துக்கு அந்த மக்கள் ஐந்து மான்களைக் கொண்டுவந்தார்கள் என்று அக்காலக் கடிதம் ஒன்று சொல்கிறது. தேசிய நாளாக அறிவித்தது 1863இல், போரின் நடுவே, லிங்கன். அதே நாளை 1970 முதல் பிளிமத்தில் பழங்குடியினர் துக்க நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். இரண்டையும் சொல்லுங்கள்.

‘அமெரிக்கர்கள் இப்படித்தான்’ என்று பொதுவாகச் சொல்லலாமா?

சொல்லாமல் இருப்பது நல்லது. ‘பலர்’, ‘பெரும்பாலும்’, ‘இந்த ஊரில்’ என்ற சொற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; அவையும் ஆங்கிலப் பாடம்தான். ‘ஹவ் ஆர் யூ?’ என்பதற்கு உடல்நிலையை விவரிக்க வேண்டியதில்லை, நடந்துகொண்டே ‘குட்’ என்றால் போதும். விருந்துக்கு அழைத்தவர் ‘பாட்லக்’ என்று சொன்னால் வெறுங்கையோடு போகக் கூடாது, ஒரு பதார்த்தம் சமைத்துக்கொண்டு போக வேண்டும். சம்பளத்தையும் வயதையும் கேட்பதைப் பலர் விரும்ப மாட்டார்கள். ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைக்க முடியாமல் பலர் தவிப்பார்கள். என்னை ‘டீச்சர்’ என்றே அழைக்கிறார்கள், நானும் திருத்துவதில்லை. பெரியவரைப் பெயரிட்டுக் கூப்பிடக் கூடாது என்று வளர்ந்தவனுக்கு அந்தத் தயக்கம் புரியும்.

அவர்களுடைய குடிவரவு நிலையைக் கேட்டறியலாமா?

கூடாது. எந்த ஆண்டு வந்தீர்கள், எந்த வழியாக வந்தீர்கள் என்ற கேள்விகள் உரையாடல் பயிற்சி போலத் தோன்றினாலும் தவிர்க்க வேண்டியவை. அவர்களாகச் சட்டம் பற்றிக் கேட்டால், வழக்கறிஞரிடம் போகச் சொல்லுங்கள். நாம் கருத்துச் சொல்லக் கூடாது.

என் ஆங்கிலத்திலேயே தமிழ் வாடை இருக்கிறது. நான் கற்பிக்கலாமா?

தாராளமாக. டைமைப் பார்த்து நீங்களும் ஒரு நாள் விழித்திருப்பீர்கள். இங்கேயே பிறந்தவருக்கு அந்த விழிப்பு நினைவில் இருக்காது. உச்சரிப்பு மாதிரிக்கு ஒலிப்பதிவுகளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

முதல் வகுப்புக்கு என்ன எடுத்துப் போக வேண்டும்?

ஆளுக்கு 41 சென்ட் வீதம் காசு, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, மளிகைக் கடையின் அந்த வார விளம்பரத் தாள், சில பழைய ரசீதுகள், மாதம் பெரிதாகத் தெரியும் ஒரு நாள்காட்டி. விளம்பரத் தாளில் வாழைப்பழத்தின் விலை இருக்கும் பக்கத்தை மேலே மடித்து வையுங்கள். அது ஒரு பவுண்டு எடைக்கான விலை, ஒரு பழத்துக்கு அல்ல என்பதிலிருந்தே முதல் கேள்வி வந்துவிடும்.